நேர்வழி நாடும் சக்கரம்

போடிநாயக்கனூரில், கருக்கலில் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக ஏலத் தோட்டங்களுக்குப் புறப்படும் ஜீப்புகளின் சத்தத்தில் கண்விழித்து வளர்ந்தவன் நான். ஆகவே, ஒரு ஜீப்பின் முன் அச்சைச் சீராக்கிவைக்கும் வித்தையை, வீணைக்குச் சுருதி கூட்டும் வித்தைக்கு அடுத்த படியிலேனும் வைத்து ரசிக்கவேண்டும் என்று நான் சொன்னால், அதை மிகையென்று தள்ளாமல் சற்றே காது கொடுக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஜீப்புக்கு ஒரு பெருமையும், அப்பெருமையோடு ஒட்டிப் பிறந்த ஒரு வியாதியும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1934ஆம் வருஷத்து மாடல்களிலேயே முன்சக்கரங்களைத் தனித்தனியே இயங்கவிடும் அமைப்பைப் புகுத்திவிட்டது. இரு சக்கரங்களும் ஒரே அச்சில் கோக்கப்பட்ட கார்களுக்கு வேகத்தில் உண்டான நடுக்கம் அம்மாற்றத்துக்கு ஒரு முக்கிய காரணம். ஆனால், ஏழு ஆண்டுகள் கழித்து யுத்தத்துக்காகப் பிறந்த வில்லிஸ் ஜீப்பும், அதன் வம்சத்தில் வந்து மஹிந்திரா கம்பெனி நம் நாட்டில் கட்டிய ஜீப்புகளும், அந்தப் பழைய முழு அச்சையே விடாமல் பிடித்துக்கொண்டன. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் பாறைமேல் ஏறும்போது மறு சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கும் குணம் அந்த அச்சுக்கு இருப்பதுதான் அதன் நியாயம். குணத்தை வேண்டியவர்கள் நடுக்கத்தையும் சேர்த்தே ஏற்றுக்கொண்டார்கள். அந்நடுக்கத்தை அடக்கியாளும் பொறுப்பு பட்டறைக்காரரின் தலையில் விழுந்தது.

அடக்குவது என்றேன், உண்மையில், சக்கரத்துக்கு நேராக ஓடும் ஆசையை ஊட்டுவது என்றே சொல்லவேண்டும். சைக்கிள் விடத் தெரிந்த சிறுவர் யாவரும் ஒரு நாள் கைப்பிடியை விட்டுவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்திருப்பார்கள். அந்த ஆனந்தத்தில் பெரும் பங்கு, முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின் சாய்வுக்கு உரியது. திருகும் அச்சுக்கோடு தரையைத் தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் டயர் தரையைத் தொடுவதால், சக்கரம் தாயின் முந்தானையைப் பற்றிக்கொண்டு நடக்கும் குழந்தையைப்போல எப்போதும் பின்தொடர்ந்தே வருகிறது. ஜீப்பில் இதே வேலையைச் செய்வது கிங்பின் என்னும் திருகுகட்டையின் சாய்வு; கேஸ்டர் என்று அதற்குப் பெயர். வில்லிஸ் ஜீப்புக்கு விதிக்கப்பட்ட கேஸ்டர் 3 டிகிரி. கடிகாரத்தின் நிமிஷ முள் அரை நிமிஷத்தில் நகரும் அளவு அவ்வளவுதான். அந்தச் சிறு சாய்வில்தான் சாரதியின் மன நிம்மதி முழுவதும் அடங்கிக் கிடக்கிறது.

வண்டியைத் தூக்கிக் கட்டும்போது முதலில் களவுபோவது இந்தச் சாய்வுதான். பெரிய டயர் போடவேண்டும், பாறையில் வயிறு இடிக்கக்கூடாது என்று ஸ்பிரிங்குக்குப் பட்டை சேர்த்து, அதன் ஒரு முனையைச் சட்டத்தோடு கோக்கும் ஷாக்கிளையும் நீளமாக்குகிறார்கள். ஜீப்பின் முன் ஸ்பிரிங்குக்கு ஷாக்கிள் முன்முனையில் இருப்பதால், அதை நீட்ட நீட்ட ஸ்பிரிங்கின் மூக்கு தாழ்கிறது. அதோடு அச்சும் முன்பக்கமாகக் கவிழ்கிறது. கிங்பின் நிமிர்ந்து விடுகிறது. மறுபுறம், சட்டத்தில் இருக்கும் ஸ்டியரிங் பெட்டிக்கும் கீழே அச்சிலுள்ள சக்கரங்களுக்கும் இடையே படுத்துக் கிடக்கவேண்டிய கம்பிகள் செங்குத்தாகிவிடுவதால், ஒவ்வொரு குழியிலும் ஸ்பிரிங் அமுங்கும்போதெல்லாம், யாரும் திருப்பாமலே சக்கரம் திரும்புகிறது.

என் நண்பர் ஒருவருடைய ஜீப் இவ்வாறு தூக்கிக் கட்டப்பட்டு வந்த சில நாட்களில், மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தெழுந்ததும், ஸ்டியரிங் வட்டு கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பேயாடத் தொடங்கியது. ஏறக்குறைய நிறுத்தும்வரை அது ஓயவில்லை. நண்பர் பயந்துபோய், நடுக்கத்தை விழுங்கும் ஸ்டியரிங் டாம்பர் ஒன்றைப் புதிதாக வாங்கி, அட்டைப்பெட்டியோடு ஒரு முதிய மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். உடன் நானும் போயிருந்தேன். பெட்டியை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்டு, “அது இருக்கட்டும் தம்பி, முதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு கேப்போம்” என்றார் பெரியவர்.

அவர் கேட்ட விதத்தைத்தான் நான் ரசிக்கச் சொல்கிறேன். சக்கரங்கள் தரையில் இருக்க, பட்டறைப் பையனை ஆசனத்தில் அமர்த்தி ஸ்டியரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதே அசைக்கச் சொல்லிவிட்டு, தாம் வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, இரு சக்கரங்களையும் இணைக்கும் டை ராடின் முனைகள் ஒவ்வொன்றின்மேலும் இரண்டு விரல்களை வைத்துக்கொண்டு கண்களை மூடிக்கொண்டார். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். அதன்பிறகு ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பற்றி அசைத்தார். ‘டொக்’ என்று ஒரு மெல்லிய ஒலி கேட்டது. உடனே பையனை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி அசைத்தார். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் குற்றம் சக்கர பேரிங்கில். பிரேக்கையும் மீறி ஆட்டம் தொடர்ந்தால் குற்றம் கிங்பின் பேரிங்கில். ஆட்டம் தொடர்ந்தது. ஒரு கருவியும் இல்லாமல், ஒரு மிதிகட்டையின் உதவியால் இரண்டு வியாதிகளைப் பிரித்தறிந்த அந்தச் சாமர்த்தியத்துக்கு நான் மனத்துக்குள் சபாஷ் போட்டேன்.

ஆனால் மூலகாரணம் இன்னும் அகப்படவில்லை. ரசமட்டம் பதித்த கோணமானியைக் கிங்பின் மூடியின்மேல் வைத்துப் பார்த்தவர், நெடுநேரம் ஒன்றும் பேசாமலிருந்துவிட்டு, ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் செருகியிருந்த ஆப்பைத் தடவிப் பார்த்தார். தூக்கிக் கட்டியவர்கள் சாய்வு குறையும் என்று அறிந்தே 2 டிகிரி ஆப்பு வைத்திருக்கிறார்கள். ஆனால் திருப்பி வைத்துவிட்டார்கள். ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருக்கும் வண்டியில் ஆப்பின் தடித்த முனை பின்னோக்கி இருக்கவேண்டும். இந்த ஜீப்பில்போலக் கீழே இருந்தால் முன்னோக்கி இருக்கவேண்டும். இருந்த 3 டிகிரியில் ஷாக்கிள் ஏறக்குறைய இரண்டைத் தின்றது. தலைகீழான ஆப்பு மேலும் இரண்டைத் தின்று, கிங்பினை எதிர்ப்பக்கமே சாய்த்துவிட்டது. யூ போல்ட்டைத் தளர்த்தி அதே ஆப்பைத் திருப்பி வைத்தார் பெரியவர். கணக்கு மீண்டும் 3 டிகிரியில் வந்து நின்றது.

தேரோட்டத்தில், ஊரே வடம்பிடித்து இழுத்துவரும் பெருந்தேரைச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை கொடுத்தே வீதி முனையில் திருப்பும் ஆட்களைப் பார்த்தவர்களுக்கு, ஒரு சிறு ஆப்பு ஒரு பெரு வண்டியின் போக்கை நிர்ணயிப்பது புதிதல்ல. எவ்வளவு தடிமன், எந்தப் பக்கம், எந்தக் கணம் என்ற மூன்றும் அங்கே கையிலேயே இருக்கின்றன. இங்கே முதல் இரண்டும் போதும்.

ஆப்பு எல்லாவற்றுக்கும் மருந்தாகாது என்பதையும் சொல்லவேண்டும். அச்சைப் பின்பக்கம் சாய்த்தால் அதில் புரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பினியனின் மூக்கு கீழே தாழும். புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டு வளைந்து தேயும். ஒரு ஜாயிண்டுக்கு நன்மை செய்து மற்றொன்றைக் கெடுப்பது வைத்தியமாகாது. மிக உயரமாகத் தூக்கிய வண்டிகளுக்கு, அச்சுக்குழாயின் முனைகளை அறுத்து, பினியனை இருந்த இடத்திலேயே விட்டு, கிங்பினைத் தாங்கும் முனையை மட்டும் வேண்டிய அளவு திருப்பி வெல்டிங் செய்வதே முறை. கைதேர்ந்தவர் தவிர வேறு யாரும் அதைத் தொடலாகாது. இரு பக்கமும் இம்மி பிசகாமல் ஒத்திருக்கவேண்டும். மூன்று, நான்கு அங்குல உயரத்துக்கு அது தேவையில்லை என்பது என் அபிப்பிராயம்.

கிங்பின் பேரிங்குகளை மாற்றி, காகிதம்போன்ற மெல்லிய ஷிம் தகடுகளைக் கூட்டியும் குறைத்தும் இறுக்கம் பார்த்ததும், டிராக் லிங்க் என்னும் ஸ்டியரிங் கம்பியின் செங்குத்தைக் குறைக்க, அதைப் பெட்டியோடு இணைக்கும் பிட்மேன் ஆர்மைத் தாழ்ந்ததாக மாற்றிப் போட்டதும் அன்று மாலைக்குள் முடிந்தன. கடைசியில், சக்கரத்தைத் தூக்கிச் சுழலவிட்டு, டயரின் நடுவில் சாக்கட்டி பூசி, அதில் ஆணி முனையால் ஒரே கோடு இழுத்தார். இரு சக்கரக் கோடுகளுக்கும் உள்ள தூரத்தை முன்னும் பின்னும் அளந்து, முன்பக்கம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு குறுகும்படி டை ராடைத் திருகினார். வில்லிஸ் ஜீப்புக்கு விதித்த அளவுக்குள் அது அடங்கும்.

டாம்பரைப் பொருத்தியிருந்தால் நடுக்கம் சில மாதங்கள் மறைந்திருக்கும். தேய்ந்த பேரிங்கும் திரும்பிய ஆப்பும் உள்ளே அப்படியே இருந்து, ஏதோ ஒரு கொண்டையூசி வளைவில் மறுபடி தலைகாட்டியிருக்கும். எல்லாம் சீரான வண்டியில் டாம்பர் நல்ல துணை. குறையை மூடப் பயன்படுத்தினால் விபரீதம். ஜீப் வைத்திருக்கும் அன்பர்கள் ஸ்டியரிங் நடுங்கியதும் கடைக்கு ஓடாமல், விரல்களால் பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப்போகவேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மறுநாள் நண்பர் அதே பள்ளத்தில், அதே வேகத்தில், ஒற்றை விரலை வட்டின்மேல் வைத்தபடி ஓட்டிப் பார்த்தார். வண்டி தலையசைக்காமல் போயிற்று. அட்டைப்பெட்டி பிரிக்கப்படாமலே கடைக்குத் திரும்பியது.