ஐந்து படங்கள், ஒரு வரிசை

பட்டியல் போடுவது விமர்சனமாகாது என்பது நம்மிடையே பழகிப்போன ஒரு வாதம். க.நா.சு.வின் மீது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட குற்றச்சாட்டு அது. பெயர்களை அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார், காரணம் சொல்வதில்லை என்றார்கள். காரணம் சொல்லாத பட்டியல் போதாது என்பது சரி. ஆனால் வரிசைப்படுத்த மறுக்கிற விமர்சனத்தில் ஒரு சௌகரியம் இருக்கிறது. இதுவும் நல்ல படம், அதுவும் நல்ல படம், இரண்டும் வேறு வேறு விதத்தில் நல்லவை என்று சொல்லிக்கொண்டே போகலாம். யாரோடும் சண்டை வராது. எதை வைத்து நல்லது என்கிறோம் என்று நம்மையே கேட்டுக்கொள்ளவும் வேண்டியிராது. இது அதற்கு மேல், அது இதற்குக் கீழ் என்று எழுதும்போதுதான் அளவுகோலை வெளியே எடுத்துவைக்க நேர்கிறது. அளவுகோல் கோணலாக இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். அது நல்லதுதான்.

2018 முதல் 2024 வரை வந்த படங்களில் எனக்கு முக்கியமாகப்பட்ட ஐந்தை இங்கே கீழிருந்து மேலாக வரிசைப்படுத்துகிறேன். இதற்கு ஒரு காரணம் உண்டு. இந்த ஆண்டுகளில் தமிழ் சினிமா பற்றிய பேச்சு பெரும்பாலும் 'படம் எதைப் பற்றியது' என்பதோடு நின்றுவிடுகிறது. ஜாதியைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், விவசாயத்தைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள், எனவே முக்கியமான படம் என்று நற்சான்றிதழ் வழங்கப்படுகிறது. விஷயம் முக்கியமானது என்பதாலேயே படம் முக்கியமானதாகிவிடுமானால் படம் எடுத்திருக்க வேண்டியதில்லை, ஒரு துண்டுப் பிரசுரம் போதும். நான் கேட்பது வேறு கேள்வி. இந்தப் படம் தன் மனிதர்களுக்காக என்னிடம் வக்காலத்து வாங்குகிறதா, அல்லது அவர்களோடு என்னைக் கொஞ்ச நேரம் இருக்க விடுகிறதா? இரண்டாவதைச் செய்கிற அளவுக்கு ஒரு படம் மேலே போகிறது. என் வரிசை இதை வைத்துத்தான்.

ஐந்தாவது, லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). இதன் முதல் பாதிக்கு நிகராகத் தமிழில் அதிகம் காட்ட முடியாது. ஏலக்காய் மூட்டை சுமந்து மலை ஏறி இறங்குகிற ரங்கசாமி, வழியில் சந்திக்கிறவர்கள், தலைச்சுமையோடு இரத்தம் கக்கினாலும் சுமையைப் பிறரிடம் தர மறுக்கும் கிழவர். கதை என்று எதுவும் நகர்வதில்லை. மனிதர்கள் நகர்கிறார்கள், நாம் அவர்களோடு மூச்சு வாங்குகிறோம். தேனி ஈஸ்வரின் கேமரா மலையை அழகுக்காகப் பார்ப்பதில்லை. ஏறவேண்டிய ஒன்றாகப் பார்க்கிறது. நிலம் வாங்கச் சேர்த்த ஆசையெல்லாம் ஒரு மூட்டை ஏலக்காயாகப் பள்ளத்தில் சிதறும்போது, அந்த மலையை நாம் ஏறியிருப்பதால்தான் நமக்கு வலிக்கிறது.

பிறகு கதைக்கு அவசரம் வந்துவிடுகிறது. சங்கம், துரோகம், கொலை, சிறை, உரக்கடன், நிலம் கைவிட்டுப் போதல் எல்லாம் ஒரு தலைமுறைச் சரித்திரத்தின் சுருக்கம்போல் வந்து விழுகின்றன. தன் நிலத்திலேயே நட்ட காற்றாலைக்குக் காவலாளியாக ரங்கசாமி உட்கார்ந்திருக்கும் கடைசிக் காட்சியில் கேமரா மேலெழும்பிச் செல்கிறது. உயரப் போகப் போக அவன் சிறிதாகி, காற்றாலைகள் பலவாகின்றன. இது கணக்குப்படி சரியான முடிவு. ஆனால் ஒன்றரை மணி நேரம் அவனோடு நடந்த படம், அவனை விட்டுவிட்டு மேலே போய் நின்று நமக்குப் பொருள் சொல்கிறது. அந்த உயரம்தான் இதை ஐந்தாவது இடத்தில் நிறுத்துகிறது.

நான்காவது, மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' (2018). இதை இவ்வளவு கீழே வைப்பதற்குச் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். வரட்டும், அதற்காகத்தான் வரிசை. படம் தொடங்கியவுடனேயே கருப்பி தண்டவாளத்தில் கட்டப்பட்டு ரயிலில் அடிபடுகிறது. அந்த நாய்க்காக எழும் ஒப்பாரியில் கோபமும் கலையும் பிரிக்க முடியாமல் இருக்கின்றன. கொலைகளைக் குலசாமிக்குச் செய்யும் கைங்கரியம்போல, அன்றாட வேலையின் நிதானத்தோடு செய்துவிட்டுப் போகும் கிழவனைப் போன்ற ஒரு பாத்திரம் அதற்கு முன் நம் சினிமாவில் வந்ததில்லை. பெண் வேடமிட்டு ஆடுகிற தந்தை கல்லூரி வாசலில் அவமானப்படுத்தப்பட்டு ஓடுகிற காட்சியை மறக்க முடியாது.

இருந்தும் ஒரு குறை இருக்கிறது. ஜோ என்கிற பெண்ணுக்கு எதுவுமே தெரியாது. தன் வீட்டாரின் ஜாதி என்ன செய்யும் என்று தெரியாது. பரியனுக்குத் தன் வீட்டுத் திருமணத்திலேயே என்ன நேர்ந்தது என்று தெரியாது. கடைசிவரை தெரிவதில்லை. திருநெல்வேலியில் வளர்ந்து சட்டக் கல்லூரியில் படிக்கும் பெண்ணின் இந்த அறியாமை, அவளுடைய சுபாவத்திலிருந்து வருவதாக எனக்குத் தோன்றவில்லை. கதைக்கு அது தேவைப்படுகிறது. பரியனின் வாதம் சுத்தமாக நிற்க அவள் களங்கமில்லாதவளாக இருந்தாக வேண்டும். வாதத்துக்காக ஒரு மனுஷியைச் சுருக்கிவிட்ட படம் இது.

'வாதாடுவதைக் குறை சொல்கிறாய். மௌனத்தைப் போற்றுவது அடிபடாதவனின் ரசனை' என்று இங்கே ஒருவர் சொல்லலாம். லேசான கேள்வி அல்ல இது. பரியன் வாதாடித்தான் ஆகவேண்டும். சட்டம் படிக்க வந்தவன் அவன், வாதாட வாய் கிடைப்பதே அவன் வென்ற வெற்றி. ஆனால் பரியன் வாதாடுவது வேறு, படம் வாதாடுவது வேறு. படத்தின் உச்சம் எது என்று அதை நேசிப்பவர்களையே கேட்டால், கடைசியில் மேசை மேல் நிற்கும் இரண்டு தேநீர்த் தம்ளர்களைத்தான் சொல்வார்கள். ஒன்று கறுப்பாக, ஒன்று பால் கலந்து, நடுவே ஒரு பூ. பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்த படம் அங்கேதான் வாயை மூடிக்கொள்கிறது. அதன் மிகப் பெரிய கணம் அதன் மௌனம் என்றால், என் அளவுகோலை அந்தப் படமே ஒப்புக்கொள்கிறது என்றுதான் பொருள்.

மூன்றாவது, பி.எஸ். வினோத்ராஜின் 'கொட்டுக்காளி' (2024). ஜோவைச் சொல்லிவிட்டு மீனாவுக்கு வருவதில் ஒரு நியாயம் இருக்கிறது. வேறு ஜாதிப் பையனை விரும்பியதால் பேய் பிடித்தவள் என்று தீர்மானிக்கப்பட்டு, சாமியாடியிடம் அழைத்துச் செல்லப்படும் இந்தப் பெண்ணுக்கு எல்லாம் தெரியும். தெரிந்ததால் பேசுவதில்லை. ஆட்டோவும் மோட்டார் சைக்கிள்களுமாகக் குடும்பம் ஊர்வலம்போல் போகிறது. கூடவே கட்டப்பட்ட ஒரு சேவல். பின்னணி இசை கிடையாது. வண்டிச் சத்தம், காற்று, சேவலின் கேவல், தொண்டையில் சுண்ணாம்பு தடவிய பாண்டியின் கரகரத்த குரல் இவ்வளவுதான். அழு, பயப்படு, கோபப்படு என்று வயலின் வைத்துச் சொல்லிக்கொடுத்தே பழக்கப்பட்ட நம் காதுகளுக்கு இது ஒரு சிகிச்சை. ஒலிபெருக்கியில் வரும் ஒரு பாட்டை அவள் முணுமுணுத்துவிடுகிறாள். அதற்காக அவளும், தடுக்க வந்த பெண்களும் அடிவாங்குகிறார்கள். அவள் வாயிலிருந்து வரும் மிகச் சிறிய ஓசைகூட அவர்களுக்கு எவ்வளவு பெரிய அச்சுறுத்தல் என்பதை இதைவிடச் சொல்ல முடியாது.

இதை மேலே போகவிடாமல் தடுப்பது எது? வழியில் ஒரு காளை மறித்து நிற்கிறது. இத்தனை ஆண்பிள்ளைகளும் திகைத்து நிற்க, ஒரு சிறுமி வந்து அதைப் பிடித்துக்கொண்டு போகிறாள். அழகான காட்சி. ஆனால் தான் அழகு என்பதும், தனக்கு ஓர் அர்த்தம் உண்டு என்பதும் அந்தக் காட்சிக்கே தெரிந்திருக்கிறது. பயணத்தின் ஒவ்வொரு நிறுத்தமும் ஒரு புதிய சாட்சியத்தைக் கொண்டுவந்து வைப்பதற்கென்றே அமைந்ததுபோல் ஆகிவிடுகிறது. வக்காலத்து இல்லை, சரி. சாட்சிகளின் வரிசை இருக்கிறது.

இரண்டாவது, லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. 2022இல் கேரளத் திரைப்பட விழாவிலும் 2023 ஜனவரியில் திரையரங்குகளிலும் வந்தது. மலையாளி டைரக்டர், மலையாள நடிகர் மம்முட்டி, திரைக்கதை எஸ். ஹரீஷ். ஆனால் படத்தின் பெரும்பகுதி தமிழ்க் கிராமம் ஒன்றில் தமிழில் நடக்கிறது. வேளாங்கண்ணியிலிருந்து திரும்பும் கூட்டத்தில் ஜேம்ஸ் என்பவன் மதியத் தூக்கத்திலிருந்து விழித்து, பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கி, சோளக்காட்டு வழியே ஒரு ஊருக்குள் நடந்துபோய், இரண்டு வருஷத்துக்கு முன் காணாமற்போன சுந்தரமாகிவிடுகிறான். கொடியில் கிடக்கும் லுங்கியைக் கட்டிக்கொள்கிறான், மாட்டுக்குத் தீனி வைக்கிறான். கண் தெரியாத கிழத்தாய் அவனை மகனாகவே பாவித்துப் பேசுகிறாள். பார்க்க முடிந்தவர்கள்தான் தவிக்கிறார்கள். தன் சமையலறைக்குள் ஓர் அந்நியன் உரிமையோடு நுழையும்போது அந்த மனைவியின் முகத்தில் வரும் பயத்திலும், அதற்கடியில் சட்டென்று தோன்றி மறையும் வேறொன்றிலும் கேமரா தலையிடுவதில்லை. அது அசையாமல் நிற்கிறது.

இந்தப் படத்துக்கும் தனியாகப் பின்னணி இசை இல்லை. அந்த வீட்டுத் தொலைக்காட்சியிலும் தெருவிலும் ஓயாமல் கேட்கும் பழைய தமிழ்ப்பாட்டும் சினிமா வசனமும்தான் அதன் சத்தம். நம் ஊர்கள் உண்மையிலேயே இந்தச் சத்தத்துக்குள்தான் வாழ்கின்றன. இதைக் கண்டுகொள்ள வெளியூர்க்காரர் ஒருவர் வரவேண்டியிருந்தது. ஆனால் சில இடங்களில் பாட்டின் வரி காட்சியோடு அளவுக்கு மீறிப் பொருந்திவிடுகிறது. டைரக்டர் நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறார். அந்தச் சிமிட்டல் இல்லாத படம்தான் முதலில் நிற்கிறது.

அது வினோத்ராஜின் முதல் படமான 'கூழாங்கல்' (2021). ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது பெற்றது, ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது என்பதெல்லாம் பத்திரிகைச் செய்தி. கோபித்துக்கொண்டு தாய்வீடு போன மனைவியை அழைத்துவரக் குடிகாரக் கணபதி பள்ளிக்கூடத்திலிருந்து மகன் வேலுவை இழுத்துக்கொண்டு போகிறான். அவள் அங்கே இல்லை, ஏற்கனவே திரும்பிவிட்டாள். பஸ்ஸுக்கு இருந்த பணத்தைச் சிறுவன் கிழித்துப்போட்டுவிட, மதுரைப் பக்கத்து வறண்ட நிலத்தில் இருவரும் நடந்தே திரும்புகிறார்கள். ஒன்றேகால் மணி நேரப் படம். இந்த நடை இயக்குநருடைய சகோதரி கைக்குழந்தையோடு நடந்த 13 கிலோமீட்டரிலிருந்து பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண்ணின் கதையை அப்படியே எடுத்திருந்தால் கண்ணீர் நிச்சயம். அவர் அந்த நடையைத் தகப்பனுக்கும் மகனுக்கும் கொடுத்திருக்கிறார்.

திருவிழாவுக்கு வறுமையை விற்கிறார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு இந்தப் படத்தில் பதில் சொல்ல வேண்டிய இடம் எலி பிடிக்கும் குடும்பம். வளையில் புகைபோட்டு எலியை வெளியே வரவைத்துப் பிடித்துச் சுட்டுத் தின்கிறார்கள். ஐயோ பாவம் என்கிற பார்வை அங்கே இல்லை. வளை எங்கே, புகை எந்தப் பக்கம் போகிறது, யார் எங்கே காத்திருக்க வேண்டும் என்று ஒரு வேலையைக் கவனிக்கும் கவனம் இருக்கிறது. வேலை தெரிந்த மனிதர்களாக அவர்கள் நமக்கு முன்னால் இருக்கிறார்கள். பரிதாபத்துக்கு இடமே கிடைப்பதில்லை.

பிறகு அந்தக் கூழாங்கல். தாகத்துக்கு வேலு ஒரு கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீடு வந்ததும் அதை எடுத்து வைக்கிறான். அங்கே ஏற்கனவே பல கற்கள் இருக்கின்றன. இந்த நடை எத்தனையாவது நடை என்று நமக்கு அப்போதுதான் தெரிகிறது. நம் சினிமா இதைச் சொல்லப் பத்து நிமிஷம் பழைய கதைக்குப் போயிருக்கும், ஒரு பாட்டும் வந்திருக்கும். இங்கே யாரும் எதையும் சொல்லவில்லை. கல் இருக்கிறது. இறுதியில் ஒரு குழியில் மெல்ல ஊறும் தண்ணீரைப் பெண்கள் காத்திருந்து காத்திருந்து மொண்டு ஊற்றுகிறார்கள். அத்தனை நேரமும் கத்திக்கொண்டே வந்த ஆணின் கோபத்தைவிட நீண்டது அந்தப் பொறுமை என்பதைக் காட்சியின் நீளமே உணர்த்திவிடுகிறது. 'கொட்டுக்காளி'யை எடுத்த கை கைதேர்ந்தது. ஆனால் அந்தத் தேர்ச்சியின் ஞாபகம் இதில் இல்லை. ஒரே இயக்குநரின் இரண்டாவது படத்துக்கு மேலே முதல் படத்தை நான் வைப்பது அதனால்தான்.

வரிசை போட்டபின் எனக்கே ஒன்று தட்டுப்பட்டது. ஜான் ஆபிரகாமின் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) வந்த நாட்களிலிருந்து சிறுபத்திரிகைகளில் நாம் வணிக சினிமாவையும் கலைப்படத்தையும் இரண்டு எதிர்க்கரைகளாகவே பேசிவந்திருக்கிறோம். இந்த ஐந்து படங்களுக்கும் பணம் எங்கிருந்து வந்தது? 'மேற்குத் தொடர்ச்சி மலை'க்கு விஜய் சேதுபதி, 'கொட்டுக்காளி'க்கு சிவகார்த்திகேயனின் நிறுவனம், 'கூழாங்கல்'லுக்கு நயன்தாராவும் விக்னேஷ் சிவனும், 'நண்பகல் நேரத்து மயக்க'த்துக்கு மம்முட்டி, 'பரியேறும் பெருமா'ளுக்கு பா. ரஞ்சித். எதிர்க்கரை என்று நாம் சொன்ன இடத்தில் சம்பாதித்த பணம் இது. இதனால் அந்த சினிமா நல்லதாகிவிடவில்லை. ஆனால் இந்தப் படங்கள் ஒரு சிலருடைய தயவில் நிற்கின்றன என்பது உண்மை. தயவு ஒரு நாள் அலுத்துப்போகலாம். 'கூழாங்கல்' 2023 அக்டோபரில் நேராக வீட்டுத் திரைக்குத்தான் வந்தது. திரையரங்கில், முன்பின் தெரியாத நூறு பேர் நடுவே, அந்த நடையின் வெயிலைத் தமிழர்கள் அனுபவிக்கவில்லை.

அந்தத் தயவை ரசிகர்களின் தேவையாக மாற்றுவது விமர்சனத்தின் வேலை. அதற்கு எல்லாவற்றையும் சமமாகப் பாராட்டுவது உதவாது. என் வரிசையைக் கலைத்து வேறு வரிசை போடுகிறவர்கள் காரணத்தோடு போடட்டும்.