கீல் உட்காரும் பலகை

மிதக்கும் படகின் எடையை அதன் அடிப்பரப்பெங்கும் பரவி நிற்கும் நீரே தாங்குவதால், அதன் உடல் எந்த ஓர் இடத்திலும் தனியான அழுத்தத்தை உணர்வதில்லை. அதே படகைக் கரையேற்றி டிரெய்லரில் வைத்தவுடன் அந்த எடை முழுவதும் சில சாண் பரப்புக்குள் குவிந்துவிடுகிறது. இந்த மாற்றத்தால் உடல் நலியாமல் காப்பதே டிரெய்லர் அமைப்பவரின் கைத்திறன். அதை ரசித்துப் பார்க்க ஜே/24 வகைப் பாய்மரப் படகு மிகப் பொருத்தமான சான்று.

ராட் ஜான்ஸ்டோன் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தம் வீட்டு கார் கொட்டகையில் கட்டி, 1976இல் நீரில் இறக்கிய படகிலிருந்து தோன்றிய இவ்வகை, 7.32 மீட்டர் நீளமும் ஏறத்தாழ 1,400 கிலோ எடையும் கொண்டது. அதில் சுமார் 430 கிலோ, அடியின் நடுவே நீருக்குள் இறங்கி நின்று படகைச் சாயவிடாமல் காக்கும் கீல் என்ற ஈயப் பகுதியில் இருக்கிறது. உடலோ, பால்சா என்னும் மிக இலேசான மரத்தை இரு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே வைத்து ஒட்டியது. பரவலான விசையை வியக்கத்தக்க உறுதியுடன் ஏற்கும் இந்த அடுக்கை ஒரே புள்ளியில் அழுத்தினால், உள்ளிருக்கும் பால்சா நசுங்கித் தோலிலிருந்து பிரியும். பின்னர் நீர் புகுந்தால் ஊறி அழுகும்.

ஆகவே நல்ல டிரெய்லரில் கீலின் அடிவிளிம்பு, நடுவே பொருத்திய தடித்த பலகைமேல் நன்றாகப் படிந்து உட்கார, எடையின் பெரும்பகுதியை அப்பலகையே ஏற்கிறது. இருபுறமும் திருகுத் தண்டுகளின் தலையில் நிற்கும், கம்பளம் போர்த்திய அணைப்பலகைகள் படகு சாயாமல் பிடிப்பதற்கு மட்டுமே உரியவை. அவையும் உள்ளே குறுக்குத் தடுப்புகள் உடலுக்கு வலுவூட்டும் இடங்களுக்கு நேர் கீழே நிற்கவேண்டும். கீல் முழுவதும் உட்கார்ந்த பின்னரே தேர்ந்த கை திருகைத் தொடுகிறது. அணைப்பலகை உடலோடு ஒட்டியதும் நின்றுவிடுகிறது. உடலின் பளபளப்பில் ஓடும் ஒளிக்கோட்டைப் பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால், திருகு மிகுந்த இடத்தில் அது குழிந்து தெரியும். திருகைச் சற்றே தளர்த்த, கோடு மீண்டும் சீராக ஓடும். அளவறிந்து நிறுத்தும் இந்தக் கைப்பக்குவத்திலேதான் இக்கலையின் அழகு முழுவதும் இருக்கிறது.

படகை டிரெய்லரோடு கட்ட மேலே போடும் பட்டைக்கும் இதே நிதானம் வேண்டும்; அளவு மீறி இறுக்கினால், கீல் அசையாதிருக்க, உடல் வளைந்து அணைப்பலகைகள்மேல் அமுங்கும். சாலையின் குலுக்கலில் கீல் பலகைக்குள் மேலும் சிறிது படிவதால் பட்டை தளர்ந்து, அணைப்பலகைகளின் சுமை கூடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் புறப்பட்ட சில கிலோமீட்டருக்குள் வண்டியை நிறுத்தி, முதலில் திருகுகளையும் பிறகு பட்டையையும் மறுபடி சரிபார்க்கிறார்கள்.