வம்ச வரலாறும் சபைப் பதிவேடும்

நம் சபைகளில் குடும்ப வரலாற்று நூல்களும் நூற்றாண்டு விழா மலர்களும் பெருகி வருகின்றன. முன்னோரை அறிய விழைதல் நல்லதே. எனினும், அண்மையில் நாம் வாசித்தவற்றுள், சிறப்பாகத் திருநெல்வேலிப் பகுதியைச் சார்ந்தவற்றில், ஒரு குறை திரும்பத் திரும்பத் தென்படுகிறது. ஆசிரியர்கள் உழைப்புக்கு அஞ்சியவர் அல்லர்; நூலகம் தேடிச் சென்றிருக்கின்றனர். ஆனால் அச்சிட்ட நூலோடு திரும்பிவிட்டனர்.

அந்நூல் பெரும்பாலும் கால்டுவெல் அத்தியட்சர் திருநெல்வேலி மிஷனின் தொடக்க காலத்தைக் குறித்து 1881இல் வெளியிட்ட ஆங்கில நூலாகும். அதன் அருமையை நாம் குறைத்துக் கூறவில்லை. 1780ஆம் ஆண்டின் பாளையங்கோட்டைச் சபைப் பட்டியலைப் பலரும் அறிந்தது அதன் வழியாகவே. அதிலுள்ள பெயர்கள் 40. முதலில் நிற்பது குளோரிந்தா. இந்தப் பிராமணக் கைம்பெண் ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்த காலத்தில் ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார். அவ்வதிகாரி மரித்தபின், 1778இல் கொடுத்தார். அவ்வம்மையார் எழுப்பிய ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. நம் மலர்களோ ஆலயத்தை விரித்துரைத்து, மறுக்கப்பட்ட ஆண்டுகளை அரை வாக்கியத்தில் கடந்துவிடுகின்றன. எஞ்சிய 39 பேரும் அவற்றில் வெறும் எண்ணிக்கையாகவே நின்றுவிடுகின்றனர். குடும்ப வரலாறு தேடுவோனுக்கு வேண்டியவர்கள் அவர்களல்லவா?

மிஷன் நூல் மிஷனின் வளர்ச்சியைச் சொல்லும். குடும்பத்தைச் சொல்வது ஞானஸ்நானப் பதிவேடே. மனந்திரும்பி வந்தவரின் பழைய பெயரைப் பல வேளைகளில் அந்த ஒரு வரியில் மட்டுமே காணலாம். அதன்பின் அவர் தேவசகாயமாகவோ ஞானமுத்தாகவோ ஆகிவிடுகிறார். அதே பெயருடையோர் அதே ஊரில் நால்வர் இருப்பர். தகப்பன் பெயரையும் ஊரையும் ஞானப்பெற்றோரையும் ஒப்பிட்டுப் பாராமல் ஒருவரைப் பாட்டனாக்குவது ஆராய்ச்சியாகாது.

இதனினும் வருந்தத்தக்கது வேறொன்று. பழைய பதிவேடுகள் பலவற்றில் சாதியும் குறிக்கப்பட்டுள்ளது. நம் பார்வைக்கு வந்த ஒரு நூலில், கூலி வேலை செய்தவராகப் பதிவாகியுள்ள முன்னோர் பாளையக்காரரின் உறவினராக உயர்ந்துவிட்டார். சான்று ஏதும் காட்டப்படவில்லை. உயிரோடிருப்போரை முன்னிட்டுச் சாதியைக் கூறாமல் விடுவதை நாம் புரிந்துகொள்கிறோம். கூறாமல் விடுவது வேறு. உயர்த்தி எழுதுவது வேறு. மத்தேயு தம் முதல் அதிகாரத்தில் தாமாரையும் ராகாபையும் உரியாவின் மனைவியையும் நீக்கி எழுதியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. நாள்தோறும் அவ்வதிகாரத்தைப் போதிக்கும் நாம் நம் பாட்டனுக்காக நாணுவானேன்?

செருபாபேலின் நாளில் வம்ச அட்டவணையைத் தேடிக் காணாத சிலர் ஆசாரிய ஊழியத்தினின்று விலக்கப்பட்டனர். நம் நாளிலோ அட்டவணையே அழிந்து வருகிறது. கம்பெனி காலம் முதற்கொண்டு சென்னை மாகாணத்துச் சாப்ளேன்மார் பதிந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அவற்றுள் காணப்படுவோர் பெரும்பாலும் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமே. ஆகவே ஆங்கிலேயச் சிப்பாயின் பேரன் தன் மூதாதையை அங்கே எளிதில் கண்டடைவான். நம் கிராமத்து உபதேசியாரின் பேரனுக்கோ, சேகரத்து இரும்புப் பெட்டியிலுள்ள ஒரே பிரதிதான் கதி. அதைக் கரையான் அரித்தபின் எந்த நூலகத்துக்குச் சென்று தேடுவான்? குருமார் அதை நகலெடுத்து இறையியல் கல்லூரி ஆவணக் காப்பகம் ஒன்றில் வைத்தல் வேண்டும். இது குருவானவரின் வேலையன்று என்பாருடன் நாம் உடன்படோம்.

மேற்சொன்ன நூலின் ஆசிரியருக்கு, அடுத்த பதிப்பில் அந்தப் பதிவேட்டுப் பக்கத்தை உள்ளபடியே அச்சிடுமாறு எழுதியுள்ளோம். மறுமொழி இன்னும் வரவில்லை.