சேகரிப்பாளனும் சரித்திரமும்

வீடியோ விளையாட்டுகளைச் சேகரிப்பவர்கள் அவற்றின் சரித்திரத்தை ஆராயப் புறப்பட்டது பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர், ‘இது நம் பத்திரிகைக்கு எதற்கு?’ என்றார். வீடியோ விளையாட்டு கலையா இல்லையா என்ற சர்ச்சையில் எனக்கு இப்போது சிரத்தை இல்லை. ஒரு பொருளை வைத்திருப்பதற்கும் அதைப் பற்றித் தெரிந்திருப்பதற்கும் என்ன உறவு என்பதே என் கேள்வி. புத்தக அலமாரி உள்ள எல்லோரையும், முக்கியமாக விமர்சனம் எழுதுகிறவர்களை, இக்கேள்வி தொடுகிறது. என்னை எப்படித் தொட்டது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நின்டெண்டோவின் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ ஜப்பானில் 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்தது. இதில் சந்தேகமில்லை. அமெரிக்காவில் எப்போது வந்தது? 2012இல் ஃப்ராங்க் சிஃபால்டி இந்த எளிய கேள்விக்கு விடை தேடி ஒரு கட்டுரை எழுதினார். நிரூபிக்க முடியவில்லை என்பதுதான் அவர் கண்ட முடிவு. 1985இன் பிற்பகுதியில் நியூயார்க் வட்டாரத்தில் நின்டெண்டோவின் கருவி பரீட்சார்த்தமாக விற்பனைக்கு வந்தது. மாரியோவும் அதனுடனேயே வந்ததா, பிறகு வந்ததா என்பதில் ஆவணங்கள் முரண்பட்டன. சம்பந்தப்பட்டவர்களின் ஞாபகங்களும் முரண்பட்டன. நான்கு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஒன்றுக்கு, அது விற்ற நாட்டில், ஜாதகம் இல்லை. தினமும் காலையில் தேதி முத்திரையைத் திருகிச் சரிபார்த்த பிறகே முதல் வவுச்சரைத் தொடுகிற வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இது நம்ப முடியாததாக இருந்தது.

யோசித்தால் வியப்பில்லை. விற்பவனுக்கு விற்றுப்போன சரக்கின் மீது ஞாபகம் தேவையில்லை; விற்காத சரக்கின் மீது ஞாபகமே கூடாது. 1983 செப்டம்பரில் அட்டாரி நிறுவனம் விற்காமல் தேங்கிய விளையாட்டுக் கேசட்டுகளை லாரி லாரியாக ஏற்றிப்போய் நியூ மெக்சிகோவில் ஆலமோகோர்டோ ஊரின் குப்பைக் கிடங்கில் புதைத்தது; மேலே கான்கிரீட் கொட்டியது. புதைந்தவற்றில் ஒன்று 1982 கிறிஸ்துமஸ் விற்பனைக்காக ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா ஏறத்தாழ ஐந்தே வாரங்களில் எழுதி முடித்த ‘ஈ.டி.’. முப்பது வருஷங்களுக்கு இந்தப் புதையல், நிஜமா பொய்யா என்று தெரியாத ஒரு கதையாகவே உலவியது. 2014 ஏப்ரலில் தோண்டினார்கள். 1,300க்குச் சற்று அதிகமான கேசட்டுகள் மேலே வந்தன. அவற்றில் ஒன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. குப்பையாக இறங்கிய வஸ்து அருங்காட்சியகப் பொருளாக ஏறிவந்த இந்த இடைவெளியில் நின்றுகொண்டிருந்தவன் சேகரிப்பாளன்தான். பெரிய ஸ்தாபனங்கள் பெரும்பாலும் பின்னால்தான் வந்தன. 1991இல் அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் சிலர் ‘டிஜிட்டல் பிரஸ்’ என்று ஒரு சிறுபத்திரிகை தொடங்கினார்கள். 1994இல் லெனர்ட் ஹெர்மன் ‘ஃபீனிக்ஸ்’ என்ற சரித்திர நூலைத் தாமே பதிப்பித்தார். நமக்குப் பழக்கமான காரியங்கள்தான்.

சேகரிப்பாளனின் முதல் கேள்வி சரித்திரக் கேள்வி அல்ல. ‘என்னிடம் இல்லாதது எது?’ என்பதே அது. ஆனால் இதற்கு விடை வேண்டுமானால் இருந்தவை எல்லாவற்றின் பட்டியல் வேண்டும். பட்டியலுக்குத் தேதி வேண்டும். எது முதல் அச்சு, எது இரண்டாவது, லேபிளில் எந்த எழுத்து மாறியது என்ற பாடபேதம் வேண்டும். ஆசையில் தொடங்கியவன் அறியாமலே பதிப்பாசிரியனாகிவிடுகிறான். அமெரிக்காவில் விற்ற மாரியோவின் ஆரம்பகாலப் பெட்டிகள் பிளாஸ்டிக் தாள் சுற்றப்படாமல், ஒரு சின்ன ஸ்டிக்கரால் மூடப்பட்டிருந்தன. இதைக் கவனித்தவன் சேகரிப்பாளன். அற்பமான தகவல்தான். ஆனால் எல்லோருடைய ஞாபகமும் கைவிட்ட இடத்தில் பெட்டிகளை முன்பின்னாக வரிசைப்படுத்த அந்த ஸ்டிக்கர் உதவுகிறது.

இதே ஸ்டிக்கர்தான் நோயும். 2019இல் அப்படி ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி ஒன்று 1,00,150 டாலருக்கு விலைபோயிற்று. 2021 ஜூலையில் ‘சூப்பர் மாரியோ 64’இன் பிரிக்கப்படாத பிரதி ஒன்றுக்கு ஏலத்தில் கிடைத்தது 15 லட்சத்து 60 ஆயிரம் டாலர். 1996இல் வந்த இந்த விளையாட்டு ஒரு கோடிக்கு மேல் விற்றது. விளையாட விரும்புகிறவனுக்கு அது அபூர்வமே அல்ல. அபூர்வமானது பிரிக்கப்படாமை. தர நிர்ணயம் செய்யும் கம்பெனி பெட்டியைக் கெட்டியான கண்ணாடிப் பிளாஸ்டிக்குக்குள் அடைத்து, மேலே மதிப்பெண் போட்டுத் தருகிறது. வாங்கியவன் திறந்தால் விலை போய்விடும். எது முதல் அச்சு என்று கண்டறிய உழைத்த அறிவு இங்கே ஏலக்காரனின் குமாஸ்தாவாகிவிடுகிறது. பக்கம் வெட்டாத புத்தகங்களைப் பெருமையுடன் அடுக்கி வைக்கிறவனைப் பார்த்துச் சிரிக்கிறோம். அவனாவது என்றைக்காவது கத்தியை எடுக்கலாம்.

இதைவிடக் கடுமையான நிலை, வெளிவராத மாதிரிப் பிரதிகளுடையது. இவை பெரும்பாலும் ஈப்ராம் என்ற சில்லுகளில் எழுதப்பட்டவை. புற ஊதா வெளிச்சம் பட்டால் அழியும். அதற்காகச் சில்லின் சின்னக் கண்ணாடி ஜன்னலை ஒட்டுத்தாளால் மூடி வைப்பார்கள். மூடியே வைத்தாலும் பத்தாண்டுகள் போகப்போக மின்னூட்டம் கசிந்து உள்ளடக்கம் சிதையத் தொடங்கும். உலகத்தில் ஒரே பிரதி தன்னிடம் என்று பீரோவில் பூட்டி வைத்தவனிடம் ஒருநாள் வெறும் சில்லு மிஞ்சும். உள்ளடக்கத்தைப் படித்தெடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் தன் பிரதியின் விலை இறங்குமே என்ற பயம் அவனுக்கு. கொடுத்தவர்களும் உண்டு. சேகரிப்பாளர்களுக்குள் இருக்கும் உண்மையான பிளவு இதுதான்: தன் உடைமையின் மதிப்பைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தவன், சம்மதிக்காதவன். முதலாமவனைத்தான் நான் ஆராய்ச்சியாளன் என்பேன்.

இவர்கள் செய்த காரியங்களில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆசிரியர் பெயர்களை மீட்டது. அட்டாரி தன் விளையாட்டுகளில் எழுதியவர் பெயரைப் போடுவதில்லை. வாரன் ராபினெட் 1980இல் வெளிவந்த தன் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டுக்குள் கம்பெனிக்குத் தெரியாமல் ஓர் ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை எழுதி வைத்தார். பெயரும் பங்கும் கிடைக்காத கோபத்தில் அட்டாரியை விட்டு வந்த நால்வர் 1979இல் ஆக்டிவிஷனைத் தொடங்குவதில் சேர்ந்தார்கள். மற்றவர்களின் பெயர்களை, வருஷங்கள் கழித்து, ரசிகர்களும் சேகரிப்பாளர்களும் ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்டு எழுதிக்கொண்டார்கள். சரக்கு என்று கருதப்பட்ட ஒன்றைப் படைப்பு என்று அணுகுவதற்கு இது முதல் படி.

ஆனால் முதல் படியிலேயே உட்கார்ந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. ‘எது முதல்?’ என்ற கேள்வியில் இந்த ஆராய்ச்சி பெருமளவு சிக்கிக்கிடக்கிறது. 1958இல் புரூக்ஹேவன் ஆராய்ச்சிக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் காட்டிய டென்னிஸா? 1962இல் எம்.ஐ.டி.யில் உருவான ‘ஸ்பேஸ்வார்’ ஆ? 1972இல் ரால்ஃப் பேரின் கண்டுபிடிப்பிலிருந்து வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸியா, அதே ஆண்டு அட்டாரி கொண்டுவந்த ‘பாங்’ ஆ? காப்புரிமை வழக்குகளில் இதற்கு விடை தேவைப்பட்டது. மேக்னவாக்ஸுக்கும் அட்டாரிக்கும் இருந்த வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்தது. விமர்சனத்துக்கு இது நீதிமன்றத்திடம் கடன் வாங்கிய கேள்வி. ஒடிஸிக்கு ஒலி கிடையாது. தொலைக்காட்சித் திரைமீது வண்ணப் பிளாஸ்டிக் தாள் ஒட்டி, பகடையும் சீட்டும் பக்கத்தில் வைத்து விளையாட வேண்டும். பாதி விளையாட்டு திரைக்கு வெளியே நடக்கிறது. இது என்ன மாதிரி அனுபவம் என்று கேட்கிறவர்களைவிட, இது எந்த மாதம் வந்தது என்று கேட்கிறவர்களே அதிகம்.

இதை எழுதும்போதே என் ஏளனம் எனக்கு உறுத்துகிறது. சிஃபால்டி 2017இல் தொடங்கிய வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வந்த விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்கிறது அது. நூலகங்களில் உள்ள அத்தகைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் தொலைவிலிருந்தே பயன்படுத்த அனுமதி கேட்ட மனு 2024 அக்டோபரில் நிராகரிக்கப்பட்டது. ஆகவே, அனுபவத்தைப் பற்றிப் பேச விரும்பும் விமர்சகனும் முதலில் சேகரிப்பாளனின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது.

நானும் தட்டினேன், வேறொரு காரியத்துக்காக. சில வருஷங்களுக்கு முன், எண்பதுகளின் கடைசியில் வெவ்வேறு சிறுபத்திரிகைகளில் வந்த இரண்டு கவிதைகளை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். ஒன்று மற்றதன் நிழல் என்று தீர்ப்பும் சொன்னேன். ஆதாரம், அட்டைகளில் இருந்த மாதம். ஜனவரி இதழ் ஏப்ரலில் வருவது நம் மரபு என்பது எனக்கு ஏன் அப்போது தோன்றவில்லை என்று தெரியவில்லை. கட்டுரையைப் படித்த பெரியவர் ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். கவிதை அபிப்பிராயம் எதுவும் அவர் சொல்லவில்லை. இதழ்களை அவை வந்த தபால் உறையோடேயே வைத்திருந்தார். இரண்டு உறைகளை எடுத்து மேஜைமேல் வைத்து, ‘முத்திரையைப் பாருங்க தம்பி’ என்றார். நிழல் என்று நான் சொன்ன கவிதை, மற்றதற்கு ஏழு வாரம் முன்பே தபாலில் சேர்க்கப்பட்டிருந்தது. எழுதிய கவிஞர் இறந்து நாளாகிறது. மறுப்பு எழுத அவர் இல்லை. அந்த உறை இருந்தது.

உறையை எடுத்து வைக்கிறவர்களைப் பற்றி அதுவரை எனக்கு நல்ல எண்ணம் கிடையாது. கவிதையைப் படிக்கத் தெரியாதவன் காகிதத்தைச் சேர்க்கிறான் என்றே நினைத்திருந்தேன். அந்தப் பெரியவர் கவிதையைப் படித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியாது. ஆனால் அவர் உறையைப் பூட்டி வைக்கவில்லை, விலை சொல்லவில்லை, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஒரு தவறான தீர்ப்பு தீர்ப்பாகவே நிலைக்காமல் போனது அதனால்தான். ரூபாய் ஒத்துவராவிட்டால் வங்கியில் சாயங்காலம் வீட்டுக்குப் போக முடியாது. விமர்சனத்தில் அந்தக் கட்டாயம் இல்லாததால் கணக்கு ஒத்துவராமலே பலகாலம் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

என் கட்டுரைக்கான திருத்தம் இதுவே.