‘எங்கள்’ என்பதில் யார்?

கிறித்தவ வழிபாட்டை அறிமுகம் செய்யும் கையேடுகள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஜெபம் என்றால் கடவுளோடு பேசுவது. அது புகழ்ச்சி, நன்றி, பாவத்துக்கு வருந்துதல், மன்றாட்டு என நான்கு வகை. பூசை என்றால் இறைவார்த்தை வழிபாடு, நற்கருணை வழிபாடு என இரண்டு பகுதி. எப்போது எழ வேண்டும், எப்போது முழங்காலிட வேண்டும் என்பதெல்லாம் சுத்தமாகச் சொல்லப்பட்டிருக்கும். எங்கே நிற்க வேண்டும் என்பதை மட்டும் எழுதுவதில்லை. அதை ஊரே சொல்லிக் கொடுத்துவிடும்.

ஏசு கற்பித்த ஜெபம் கடவுளை ‘எங்கள்’ தந்தை என்று கூப்பிடுகிறது. தமிழில் ‘நம்’ வேறு, ‘எங்கள்’ வேறு. ‘நம்’மில் கேட்பவனும் சேர்த்தி, ‘எங்க’ளில் கேட்பவனுக்கு இடமில்லை. ஜெபத்தைக் கேட்பவர் கடவுள், ஆகவே இலக்கணம் சரிதான். ஆனால் கோயிலை விட்டு வெளியே வந்ததும் அதே வாய் ‘எங்க கோயிலு, எங்க தெரு, எங்க தேரு’ என்கிறது. இப்போது கேட்பவன் நாம்.

இது வெறும் சொல் விளையாட்டு அல்ல. உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில் ஜெபமாலை அன்னை ஆலயம் இருக்கிறது. பாடையைப் பெரிய தெரு வழியாகக் கோயிலுக்குத் தூக்கிப் போக முடியாத தலித் கிறித்தவர்கள், சகாய மாதாவுக்கு ஒரு கோயில் கட்டி, அதைத் தனிப் பங்காக்கும்படி கேட்டார்கள். 2008 மார்ச் 9 அன்று தலித் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியக் கிறித்தவர் இருவர் செத்தார்கள். அடித்தவனும் அடிபட்டவனும் செத்தவனும் சொல்லிவந்தது ஒரே ஜெபம்தான்.

எங்க விருத்தாசலத்தை வெளியூர்க்காரர்களுக்குப் பீங்கான் ஊராகத்தான் தெரியும். இங்கே இருந்து எழுதுகிற இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) நாவலை நான் ஜெபத்தைப் பற்றிய பிரதியாகவே வாசிக்கிறேன். ஆரோக்கியம் புதிரை வண்ணார் பெண், கிறித்தவள். பறையர் காலனிக்குத் துணி வெளுப்பவள். பிள்ளைப்பேறு முதல் சாவு வரைக்கும் ஊழியம் செய்பவள். கூலி ராச்சோறும் களத்து நெல்லும். அந்தோணியார் கோயிலுக்குப் போகும் பயணத்தோடு நாவல் தொடங்குகிறது. மகன் பீட்டரைச் சாமியாராக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

கையேடுகள் மன்றாட்டை ஜெபத்தின் முதல் படி என்று கொஞ்சம் கீழே வைக்கும். ஒன்றும் இல்லாதவளுக்கு அதுதான் முழு ஜெபம். ஆரோக்கியம் களத்திலும் வாசலிலும் கெஞ்சுவது போலத்தான் அந்தோணியாரிடமும் கெஞ்சுகிறாள். அவளுடைய ஜெப மொழி ஆண்டைகளின் வாசலில் பழகியது. ஆனால் அவள் கேட்பது சாதாரணப் பக்தி அல்ல. தீட்டுத் துணி வெளுத்த கையின் பிள்ளை அப்பத்தை எடுத்துக் கொடுக்க, ஊரே அவன் முன்னால் நின்று அதை வாங்க வேண்டும். இது அரசியல். அவளுக்கு அந்த வார்த்தை தெரியாது, அவ்வளவுதான்.

நாவல் வந்தபோது நம்மிலேயே சிலர் கோபப்பட்டார்கள். சேரிக்குள் இருக்கும் ஒடுக்குமுறையை எழுதினால் அது எதிரிக்குத்தான் பயன்படும் என்றார்கள். எனக்குக் குறை வேறு இடத்தில். ஒப்பாரி பெருக்கெடுத்து ஓடுகிறது. அழுகை கோபமாகத் திரும்ப வேண்டிய இடங்களிலும் நாவல் அழுகையோடேயே போய்விடுகிறது. ஆனால் ஆரோக்கியத்தை எழுதியதே தப்பு என்பதை ஏற்க முடியாது. எறையூர்க்காரன் ‘எங்க தெரு’ என்று சொன்னால் நமக்கு எரிகிறது. நம் காலனியின் ‘எங்க’ளில் அவளுக்கு இடம் எங்கே?

பூசையில் பொது மன்றாட்டு என்று ஒரு நேரம் உண்டு. திருச்சபைக்காக, ஆள்வோருக்காக, நோயாளிகளுக்காக வேண்டுவார்கள். அங்கே பாடை போக முடியாத தெருவும் பேர் சொல்லி வேண்டப்பட வேண்டும். அதைச் சொல்லாத வழிபாட்டு அறிமுகம் பாதி அறிமுகம். அதேபோல, மைக்கில் ‘எங்கள் மக்கள்’ என்று முழங்கும் நம் மேடையில் புதிரை வண்ணார் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் தோழர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.