மணல் தொட்டியைத் தோண்டினால் தொல்லியல் ஆகிவிடுமா?



தொல்லியல் பாடம் வந்ததும் நம்மில் பலர் செய்வது ஒன்றுதான். பிளாஸ்டிக் தொட்டியில் மணலைக் கொட்டி, பாசிமணி, சில்லறை, உடைந்த பீங்கான் எல்லாம் புதைத்து, பிள்ளைகள் கையில் தூரிகையைக் கொடுத்துவிடுவோம். நானும் பல வருஷம் அப்படித்தான் செய்தேன். ஐந்தே நிமிடத்தில் தொட்டி காலி. "டீச்சர், யாருக்கு நிறைய கிடைச்சது?" என்று ஒரு மாணவி கேட்டபோதுதான் உறைத்தது. நான் சொல்லிக்கொடுத்தது தொல்லியல் இல்லை, புதையல் வேட்டை.

இது சின்ன விஷயம் இல்லீங்க. சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 1928-இல் அங்கே நீர்த்தேக்கத்துக்காகத் தோண்டிய தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. அது கட்டுமான வேலை, அகழாய்வு இல்லை. நகைகளின் வேலைப்பாட்டைப் பார்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டியிருந்தது. 1984-இல் ஜான் மிக்சிக் அங்கே முறையாக அகழாய்வு செய்தார். கிடைத்தவை பெரும்பாலும் பானை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும்தான். ஆனால் அவை குலையாத 14ஆம் நூற்றாண்டு மண்ணடுக்கில் இருந்தன. ராஃபிள்ஸ் வருவதற்கு ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன்பே அங்கு மக்கள் வாழ்ந்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல அந்த ஓடுகள் உதவின.

அதனால் மணல் தொட்டியைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. திருத்திக்கொள்ளுங்கள். மணல், செம்மண், தோட்டமண் என மூன்று அடுக்கு போடுங்கள். மேலே நூல் கட்டிக் கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு பொருள் தெரிந்தால், எந்தக் கட்டம், எந்த அடுக்கு, பக்கத்தில் என்ன என்று எழுதி, வரைந்த பிறகுதான் எடுக்க வேண்டும். புள்ளி பதிவுக்கு மட்டும். பொருளுக்குப் புள்ளியே கிடையாது. நடு அடுக்கில் 2012 என்று பொறித்த 20 சென் நாணயத்தை வையுங்கள். "இந்த அடுக்கு 2012-இல் உருவானது" என்று பாதிப் பேர் எழுதுவார்கள். அது தவறு. 2012-க்கு முன்பு உருவாகியிருக்க முடியாது என்று மட்டுமே சொல்லலாம். இந்த ஒரு தவறைத் திருத்தினாலே பாடம் பாதி முடிந்தது.

பானை ஒட்டும் நடவடிக்கை நல்லதுதான். ஆனால் எல்லாத் துண்டையும் கொடுத்துவிட்டால் அது வெறும் படப்புதிர். நாலைந்து துண்டுகளை ஒளித்துவிட்டு, வேறொரு பானையின் ஓடுகளைக் கலந்துவிடுங்கள். "இது இந்தப் பானையோடது இல்லைன்னு எப்படித் தெரியும்?" என்று பிள்ளைகள் வாதாடட்டும். விளிம்பு கூர்மையாக இருக்கும், கையுறை கட்டாயம்.

செலவே இல்லாத, என் பார்வையில் மிகச் சிறந்த நடவடிக்கை வகுப்புக் குப்பைத்தொட்டி. காகிதம் மட்டும் உள்ள தொட்டியாகப் பார்த்து எடுங்கள். அடியில் காலைப் பாடத்தின் பயிற்சித்தாள், மேலே ஓய்வு நேர உணவுப் பொட்டலம். கீழே உள்ளது முந்தியது என்பது தானாகவே புரியும். பிறகு வேண்டுமென்றே தொட்டியைக் குலுக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். அடுக்கு கலைந்தால் சான்றும் கலைந்துவிடும் என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களே, தொல்பொருள் சான்று பற்றிய கேள்விக்குப் பொருள்களின் பட்டியலோடு நிறுத்திவிடாதீர்கள். எங்கே, எந்த நிலையில், எவற்றோடு கிடைத்தது என்பதையும் எழுதுங்கள். லெங்கோங்கில், குனுங் ருந்தோ குகையில் கிடைத்த பேராக் மனிதனை நினைத்துப் பாருங்கள். கால்கள் மடக்கப்பட்டிருந்தன, அருகே சிப்பிகளும் கற்கருவிகளும் இருந்தன. அதனால்தான் அது திட்டமிட்டுச் செய்த அடக்கம் என்கிறோம். எலும்பை மட்டும் அவசரமாக எடுத்திருந்தால், நம் கையில் ஒரு எலும்புக்கூடு இருந்திருக்கும், அவ்வளவுதான்.