ஈட்டியைப் பிடிக்கும் பசை

ஈட்டி மரத்தில் நாம் எதையெல்லாம் ரசிக்கிறோமோ அதெல்லாம் பசைக்கு ஆகாது. இழைத்த பலகையில் மெருகு போடாமலே தெரியும் மினுமினுப்பு, கனம், கரையான் தொடத் தயங்கும் வைரம் எல்லாவற்றிலும் மரத்துக்குள் ஊறிக்கிடக்கும் எண்ணெய்க்கும் பிசினுக்கும் பங்குண்டு. தேக்கிலும் அது இருக்கிறது. மத்திய அமெரிக்காவின் கோகோபோலோவில் இன்னும் அதிகம். அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால் துணியில் ஆரஞ்சுச் சாயம் ஏறிவிடும். லிக்னம் விட்டே எல்லாவற்றையும் மிஞ்சியது. தண்ணீரில் மூழ்கும் அந்த மரத்தைக் கப்பலின் சுழலித் தண்டுக்குத் தாங்கியாகப் போட்டார்கள், மசகு அதனுள்ளேயே இருக்கிறது என்பதால். அப்படிப்பட்ட மரத்தில் பசை எதைப் பிடித்துக்கொண்டு நிற்கும்?

அதை ஒட்டும் வேலையின் நேர்த்தியைப் பார்க்க கிடாரை எடுக்கலாம். 1960களின் இறுதியில் பிரேசில் தன் ரோஸ்வுட் கட்டைகளை அறுக்காமல் வெளியே அனுப்புவதைத் தடுத்தது. அமெரிக்காவின் மார்ட்டின் போன்ற கிடார் நிறுவனங்கள் இந்திய ரோஸ்வுட்டான ஈட்டிக்கு மாறின. இன்று உலகெங்கும் எத்தனையோ கிடார்களின் முதுகும் விலாவும் நம் ஈட்டிதான்.

அந்த முதுகு ஒரே பலகை அல்ல. ஒரு பலகையை நடுவே பிளந்து, புத்தகம் விரிப்பதுபோல் விரித்து, விளிம்போடு விளிம்பு சேர்க்கிறார்கள். பலகையின் கனம் இரண்டரை மில்லிமீட்டர் அளவுதான். அரை மீட்டர் நீளத்துக்கு அந்த மெல்லிய விளிம்பை இழைத்து, இரண்டையும் சேர்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். எங்காவது ஒளி கசிந்தால் மறுபடி இழைப்பு. கிடாரில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. இசைப்பவர்கள் பெரும்பாலும் கவனிக்காததும் இதுதான்.

ஒட்டும் நேரமும் முக்கியம். இழைத்த மரத்தை அப்படியே வைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய்ப் பொருள்கள் மெல்ல மேலே வரும். புதிதாக இழைத்த முகத்தில் ஒரு துளி நீர் விட்டால் பரவும். நாளாகிப் போன முகத்தில் அதே துளி முத்தாக உருண்டு நிற்கும். நீர் பரவாத இடத்தில் பசையும் சரியாகப் படியாது. காலையில் இழைத்து, காபி குடித்துவிட்டு, பிற்பகலில் ஒட்டலாம் என்பவரை ஈட்டி மன்னிக்காது. அசிட்டோனால் துடைத்து, அது ஆவியானதும் ஒட்டுவதும் வழக்கம்தான். ஆனால் என் ஓட்டு இழைப்புளிக்கே, அதுவும் கூர் தீட்டியதற்கு. மழுங்கிய அலகு மரநாரை வெட்டாமல் நசுக்கி மெருகேற்றிவிடும். பார்க்க வழவழப்பாக இருக்கும், பசை பிடிக்காது.

இனி பசை. நாம் பெவிகால் என்றே அழைக்கும் வெள்ளைப் பசை, தன் நீரை மரம் குடித்தால்தான் இறுகும். அடர்ந்த எண்ணெய் மரம் சட்டென்று குடிக்காது. ஓயாத இழுவிசை இருந்தால் காய்ந்த பிறகும் அது மெல்ல நகர்ந்து கொடுக்கும். ஆகவே மெல்லிய தகடுகளை அடுக்கி வளைத்து ஒட்டும் வேலைக்கு அதை நம்பமாட்டேன். பாலியூரித்தேன் பசை நுரைத்துப் பொங்கி இடைவெளியை நிரப்பியதுபோல் காட்டும். அந்த நுரைக்கு வலு கிடையாது.

எப்பாக்சி (அரால்டைட் இந்த இனம்) இறுகுவதற்கு நீரை நம்பியில்லை. கோகோபோலோவுக்கு அதுவே என் தேர்வு. 80ஆம் எண் உப்புத்தாளால் இரு முகங்களையும் சொரசொரப்பாக்கி, துடைத்து, இரண்டிலும் தடவி, கிளாம்பை மெதுவாக முடுக்க வேண்டும். வெள்ளைப் பசைப் பழக்கத்தில் முழு பலத்தோடு முடுக்கினால் பசையெல்லாம் வெளியே வழிந்து, உள்ளே ஒன்றும் மிஞ்சாது.

தோலிலிருந்து காய்ச்சும் வச்சிரம் வேறு ரகம். 60 டிகிரி சூட்டில் வைத்துத் தடவினால் ஓரிரு நிமிடத்தில் கெட்டியாகத் தொடங்கும். கை தடுமாற நேரமில்லை. காய்கையில் சுருங்கி இரு பலகைகளையும் இன்னும் நெருக்கும். எடைக்கு இளகாது, வெப்பமும் ஈரமும் காட்டினால் பிரிந்து வரும். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே கிடார் பிரிட்ஜுக்கு அதைத்தான் வைப்பேன். ஆறு எஃகுத் தந்திகளின் ஏறத்தாழ 70 கிலோ இழுப்பைத் தாங்கும் அந்த ஈட்டித் துண்டு என்றாவது ஒருநாள் கழற்றிச் செப்பனிட வேண்டியதுதான். அங்கே எப்பாக்சி போடுகிறவர் அடுத்த தச்சருக்கு வினை வைக்கிறார்.

பழைய கிடார் வாங்கப் போகிறீர்களா? பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் ஒட்டு விட்டிருக்கிறது. செப்பனிடும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.